பயன்பெற்ற நாற்பத்து மூன்று சட்டைகள்

ஒரு சமுதாயம் நன்றாக இருக்க வேண்டுமானால் திறமையான பொது நிர்வாகம் வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வுனிமாலி வட்டார அலுவலகத்துக்கும் இல்லை. அதனால்தான் ஜூலை இரண்டாவது வாரத்தைத் ‘திறமையான பொது நிர்வாக வாரம்’ என்று கொண்டாடுவதாக முடிவு செய்தார்கள். முடிவு செய்த அன்றே முதல் வேலையையும் முடித்துவிட்டார்கள். துணி தேர்ந்தெடுத்தார்கள்.

ஃபிஜியில் ஒரு விழா என்றால் எல்லோரும் ஒரே துணியில் வர வேண்டும். கல்யாணமோ சாவோ, சர்ச் ஆண்டு விழாவோ தடுப்பூசி முகாமோ, முதலில் துணி, மற்றதெல்லாம் அப்புறம். போன வருஷம் ‘ஊழலற்ற நிர்வாக வாரத்துக்கு’ வெள்ளைத் துணியில் பச்சை இலை போட்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் ‘விரைவான நிர்வாக வாரம்’. அதற்குத் துணி வந்து சேரவில்லை, ஆகவே வாரமும் வரவில்லை. இந்த வருஷம் ‘அனைவருக்கும் குடிநீர்’ என்பது மையக் கருத்து என்பதால் கடல்நீலத் துணி. அதில் வெள்ளைத் துளிகள். துளிகளுக்கு நடுவே மஞ்சள் குழாய்கள். பார்க்கவே தாகம் தீர்ந்துவிடும்.

தையல்காரி தோரிகாவின் வீட்டு முன்னாலும் ஒரு குழாய் இருந்தது. தண்ணீர் வராது என்பதைத் தவிர அதில் எந்தக் குறையும் இல்லை.

வுனிமாலி இரண்டு பாகம். கடலோரத்தில் கீழூர், அங்கேதான் அலுவலகம், சர்ச், கடை எல்லாம். நூற்று நாற்பது படி ஏறினால் மேலூர். அங்கே நாற்பத்து மூன்று பேர். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய் மேலூரை உரசிக்கொண்டு கீழூருக்குப் போகிறது. மேலூருக்குக் கிளை பிரியும் இடத்தில் ஒரு வால்வு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் அது உடைந்தது. வந்து பார்த்தவர்கள் கிளையை அடைத்து, அந்தக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, “புது வால்வு வந்ததும் திறந்துவிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அன்றிலிருந்து தோரிகா தினமும் இரண்டு வாளித் தண்ணீரைக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கால் எண்பதாவது படியில் பேச ஆரம்பிக்கும். நூறாவது படியில் திட்டும். தையல்காரி என்பதால் அதே காலால்தான் மெஷினும் மிதிக்க வேண்டும். இந்தக் கால் போனால் சோறும் போச்சு, தண்ணீரும் போச்சு. அவளுக்கு வேண்டியது ஒரு வால்வு. அதற்காகப் பதினோரு தடவை அலுவலகம் போய்விட்டாள்.

அங்கே எழுத்தர் இனோக்கே அவளுடைய அத்தை மகன். முறைக்காரன், கேலி பேசும் உரிமை உள்ளவன்.

“இனோக்கே, அதிகாரி இருக்காரா?”

“இருக்காரு. ஆனா இல்ல.”

“இதென்ன பதிலு?”

“பதவியில இருக்காரு, ஆபீஸ்ல இல்ல. தலைநகரம் சூவாவுக்குப் பயிற்சிக்குப் போயிருக்காரு. ‘மக்கள் எந்நேரமும் அணுகக்கூடிய அதிகாரியாக இருப்பது எப்படி’ன்னு. அஞ்சு நாள்.”

“நான்தான் பதினோரு தடவை அணுகியாச்சே!”

“அவருக்கு அணுகவிடத் தெரியாதுல்ல? அதைத்தான் அங்க சொல்லிக் குடுக்கறாங்க.”

“என் மனு எங்கடா?”

“பத்திரமா இருக்கு. அதுக்குக் கீழ ஒரு மனுவும் வராத மாதிரி அடியில வெச்சிருக்கேன்.” வறுத்த மாவுப் பலகாரத்தை எலுமிச்சை இலைத் தேநீரில் முக்கிக்கொண்டே சொன்னான். “எங்கம்மா உன்னைத்தான் எனக்குக் கட்டி வெக்கணும்னு நின்னா. தெரியுமா?”

“கட்டியிருந்தா வால்வு கெடைச்சிருக்குமா?”

“கெடைச்சிருக்காது. ஆனா நீ வீட்லயே கேட்டிருப்ப. நடையாவது மிச்சம்.”

அடுத்த வாரமே ஒரு அதிசயம் நடந்தது. வட்டார அதிகாரி நெதானி தானே மேலூருக்கு ஏறி வந்தார். தடிமனான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத சுலு வேட்டி, கையில் செய்தித்தாளில் சுற்றிய, கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு. பின்னால் இனோக்கே. நூற்று நாற்பதாவது படியில் அதிகாரி நின்றார். அவரால் அதற்கு மேல் எதையும் நிர்வகிக்க முடியவில்லை. மூச்சைக்கூட.

தோரிகா ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதும் குடித்தார்.

“நல்லா ஜில்லுன்னு இருக்கும்மா. எந்தக் குழாய்த் தண்ணி?”

தோரிகா தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். அதிகாரி அந்தக் கைகளைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார். “மக்கள் பங்கேற்பு! இனோக்கே, குறிச்சுக்கோ.”

பிறகு பாயில் உட்கார்ந்து வேர்க்கட்டை முன்னால் வைத்தார். இந்த மலைக்கும், இந்த வீட்டுக்கும், இந்த வீட்டுத் தையல் மெஷினுக்கும் பணிவோடு இந்த எளிய வேரைச் சமர்ப்பித்து ஒரு வேண்டுகோளுடன் வந்திருப்பதாக நீளமாகப் பேசினார். வேண்டுகோள் இதுதான்: இரண்டு வாரத்தில் நூற்றிருபது சட்டை தைக்க வேண்டும்.

தோரிகா வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் வைசாகே கையைக் குவித்து மூன்று தடவை தட்டி வேர்க்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வேரை ஏற்றுக்கொண்டால் வேண்டுகோளையும் ஏற்றுக்கொண்டதாகிவிட்டது. இனி மறுக்க முடியாது. வைசாகே ஒரு ஊசியில் நூல் கோத்தவன் கிடையாது. ஆனால் நூற்றிருபது சட்டைக்கு ஒப்புக்கொள்ள அவனுக்கு மூன்று கைத்தட்டல் போதுமாக இருந்தது.

“சரி, தைக்கறேன்” என்றாள் தோரிகா, புருஷனைப் பார்வையாலேயே நாலாகக் கிழித்தபடி. “எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு ஐயா. அந்த வால்வு.”

அதிகாரி முகம் வாடியது. “நீங்க வேர் எதுவும் கொண்டு வரலியேம்மா.”

“பதினோரு தடவை மனு கொண்டு வந்தேனே.”

“வேர் கொண்டு வந்தா மனு எங்கன்னு கேப்போம். மனு கொண்டு வந்தா வேர் எங்கன்னு கேப்போம். ரெண்டையும் ஒண்ணா இணைக்கறதுதான் நவீன நிர்வாகம்.” தேறிக்கொண்டு எழுந்தார். “கவலைப்படாதீங்க. நானே சூவாவுக்கு எழுதறேன். தண்ணிதானே இந்த வருஷத்து மையக் கருத்து!”

அடுத்த நாள் துணிக் கட்டுகள் வந்தன. கூடவே பட்டியலும் வந்தது. தோரிகா பட்டியலை மூன்று தடவை வாசித்தாள். அலுவலக ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார், கீழூர் மக்கள், பாடகர் குழு, பாதிரியார். மேலூரிலிருந்து ஒரு பேர் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘குடிநீர் பெற்ற பயனாளிகளுக்கு மட்டுமே சீருடை.’

சேதி மேலூரில் பரவியது. சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று பேரும் தோரிகா வீட்டு வாசலில். மூன்று வருஷமாகத் தண்ணீர் இல்லாததற்கு ஒரு நாள்கூட இப்படிக் கூட்டம் கூடியதில்லை.

பக்கத்து வீட்டு மாத்தெலீத்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். “அக்கா, தண்ணி இல்லாம இருந்துடலாம். இத்தனை நாள் இருக்கலியா? ஆனா விழாவுல கீழூர்க்காரங்க எல்லாம் ஒரே நீலமா ஜொலிக்கறப்போ, நாம மட்டும் ஆளுக்கொரு கலர்ல சந்தைக்கு வந்தவங்க மாதிரி நிக்கணுமா?”

“நாம போகாம இருந்துட்டா?”

“போகாம இருந்தா, துணி இல்லாததாலதான் போகலைன்னு சொல்லுவாங்க!”

இது நியாயமாகத்தான் பட்டது. தோரிகாவுக்கே வயிறு எரிந்தது. தன் கையாலேயே கீழூர்க்காரர்களுக்குக் காலர் வைத்துக் கொடுத்துவிட்டு, தான் பழைய பூப்போட்ட பாவாடையில் போய் நிற்பதா? பன்னிரண்டாவது தடவையாக அலுவலகப் படியேறினாள். இந்தத் தடவை மனு இல்லை. கத்திரிக்கோல் இருந்தது.

“எங்களுக்கும் துணி வேணும். இல்லன்னா ஒரு சட்டைக்கும் பட்டன் கிடையாது. அதிகாரி திறந்த மார்போட பேசட்டும்.”

இனோக்கே கத்திரிக்கோலைப் பார்த்தான். “யோசிச்சுக்கோ தோரிகா. துணி வேணும்னா பயனாளிப் பட்டியல்ல பேர் ஏறணும்.”

“ஏத்து.”

“பட்டியல்ல ஏறினா ஏறினதுதான்.”

“அதைத்தானே மூணு வருஷமா கேக்கறேன்? எங்க பேரை எதுலயாவது ஏத்துடான்னு!”

இனோக்கே புருவத்தை உயர்த்தினான். அவர்கள் ஊரில் புருவம் உயர்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். நாற்பத்து மூன்று பேரின் பெயர்களும் எழுதப்பட்டன. தோரிகா கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அறையிலிருந்தே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று முத்திரை வந்தது. துணி அன்று சாயங்காலமே மேலூருக்கு ஏறியது. இரண்டு ஊழியர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். ஒரே பிற்பகலில்! வால்வுக்கு மூன்று வருஷம் ஆகியும் நடக்காதது துணிக்கு மூன்று மணி நேரத்தில் நடந்தது. நிர்வாகம் உண்மையிலேயே திறமையாகிவிட்டதென்று தோரிகா முதல் தடவையாக நம்பினாள். நூற்றிருபது நூற்று அறுபத்து மூன்றாயிற்று. இரவு பகலாக மெஷினை மிதித்தாள். முழங்கால் படியேறாமலேயே திட்டக் கற்றுக்கொண்டது. தன் சட்டைக்கு மட்டும் கைகளில் இரட்டைச் சுருக்கு வைத்தாள். யாரும் குறை சொல்ல முடியாது, தைத்தவளுக்கு அவ்வளவாவது வேண்டாமா.

விழா நாள் வந்தது. ஜெபம், வரவேற்பு, யங்கோனா, பாட்டு. பிறகு நெதானி பேசினார். நிர்வாகம் என்பது ஒரு குழாய், மக்கள் வாளி, அதிகாரிகள் தண்ணீர் என்றார். சற்று யோசித்து, அதிகாரிகள் குழாய், நிர்வாகம் வாளி என்று திருத்தினார். மக்கள் எங்கே என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

சூவாவிலிருந்து மதிப்பீட்டு அலுவலர் லைசானி வந்திருந்தார். கழுத்தில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு எண்ணும் கருவி. நீலச் சட்டை ஒன்றைப் பார்த்தால் ஒரு ‘டிக்’.

“என்ன மேடம் எண்றீங்க?” என்று தோரிகா கேட்டாள்.

“குடிநீர் பெற்றவங்களை.”

“எங்களை ஒண்ணும் கேக்கலியே?”

லைசானி பொறுமையாக விளக்கினார். “போன வருஷம் கேட்டோம்மா. ‘சேவை கிடைத்ததா?’ன்னு. ஜனங்க ‘இல்லை’ன்னு எல்லாம் பதில் சொன்னாங்க. அறிக்கையே கெட்டுப் போச்சு. அதனால இந்த வருஷம் கேக்கறதில்ல, கண்ணால பாத்து எண்றோம். தண்ணி கிடைச்சவங்களுக்குத்தான் துணி. அப்போ துணி போட்டவங்களுக்குத் தண்ணி கிடைச்சிருக்கணும். அறிவியல் முறை.” தோரிகாவைப் பார்த்து ஒரு ‘டிக்’. “உங்க கைச் சுருக்கு ரொம்ப நல்லா இருக்கு.”

பாராட்டில் தோரிகா கேட்க வந்ததை மறந்துபோனாள். மனுஷிதானே.

திங்கள்கிழமை ஞாபகம் வந்தது. பதின்மூன்றாவது தடவை.

இனோக்கே மேஜையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கனமான பொருள் வைத்திருந்தான். பித்தளை. மேலே சிவப்புச் சக்கரம். பளபளவென்று புதுசு.

“இது வால்வு தானேடா!”

“ஆமா. வெள்ளிக்கிழமை வந்துச்சு. நெதானி நிஜமாவே எழுதியிருக்காரு, பாவம்.”

“அப்போ எப்ப மாட்றீங்க?”

“எதுக்கு?”

“எதுக்கா? எங்களுக்குத் தண்ணி வேண்டாமா?”

இனோக்கே வால்வை நகர்த்தி, அடியிலிருந்த தாளை எடுத்து, அவள் பக்கம் திருப்பினான். ‘மேல்வுனிமாலி: மக்கள் தொகை 43. குடிநீர் பெற்றோர் 43. நூறு சதவீதம்.’ கீழே தோரிகாவின் கையெழுத்து.

“உங்களுக்குத்தான் தண்ணி வந்துடுச்சே.”

“வரலடா! அந்தக் குழாய்ல கோழிதான் வந்து ஒக்காருது!”

“எனக்குத் தெரியும், தோரிகா. ஆனா அறிக்கைக்குத் தெரியாதே. தண்ணி இருக்கற ஊருக்கு வால்வு குடுக்க முடியாது. அதனால இது இப்போ உபரி. புதன்கிழமை சூவாவுக்குத் திரும்பிப் போகுது.”

தோரிகா வால்வை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“எடுத்துக்கோ. கொட்டகைச் சாவி ஃபிட்டர்கிட்ட இருக்கு. வேலை உத்தரவு இல்லாம அவன் வர மாட்டான். அப்படியே வந்து மாட்டிட்டாலும் ஆபத்து. தண்ணி வந்துடும்.”

“வந்தா என்னடா ஆபத்து?”

“ஏற்கெனவே தண்ணி குடுத்த ஊருக்கு ரெண்டாந்தடவை தண்ணி குடுத்ததா ஆகும். தணிக்கை அதிகாரி கேட்டா யார் பதில் சொல்றது? அந்தத் தண்ணியைத் திருப்பி எடுத்துக்க முடியுமா?”

தோரிகா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். இனோக்கே சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் எழுத்தராக இல்லாமல் அத்தை மகனாக மாறினான்.

“ஒரே வழிதான் இருக்கு. ‘சேவை திரும்ப ஒப்படைப்பு’ன்னு ஒரு படிவம். நாப்பத்து மூணு சட்டையையும் புதன்கிழமைக்குள்ள கொண்டு வந்து குடுத்துடு. சட்டை இல்லன்னா பயனாளி இல்ல. பயனாளி இல்லன்னா தண்ணி வரல. தண்ணி வரலன்னா வால்வு உனக்கு. அன்னிக்கே மாட்டிடலாம்.”

“அவ்வளவுதானே?” தோரிகா எழுந்தாள். “நானே தைச்சது. நானே வாங்கிட்டு வரேன்.”

அவ்வளவு வேகமாக அவள் அந்தப் படிகளில் ஏறி வருஷக்கணக்காகிறது. முதலில் மாத்தெலீத்தா வீடு.

“சட்டையைத் திருப்பிக் குடுக்கணுமா?” மாத்தெலீத்தா கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள். “ஏங்க்கா, பிறந்ததிலேர்ந்து எனக்கு அரசாங்கம் குடுத்தது இது ஒண்ணுதான்.”

“குடுத்தா தண்ணி வரும்டி!”

“வரும்னு யார் சொன்னா?”

“இனோக்கே.”

“ஆபீஸ்காரனா?” அவள் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த மைனா பறந்தது. “சட்டை கையில இருக்கு. தண்ணி அவன் வாயில இருக்கு. நான் எதைப் பிடிச்சுக்கணும்கிற? அதோட, ஞாயித்துக்கிழமை எல்லாரும் இதைத்தான் சர்ச்சுக்குப் போட்டுட்டு வரணும்னு பாதிரியார் சொல்லிட்டாரு.”

அடுத்த வீட்டில் சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டித் தலையணை உறை தைத்திருந்தார்கள். பாதிப் பயனாளியை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டுக்காரர், கீழூர்க்காரர்கள் முதலில் திருப்பிக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். தண்ணீர் இருக்கிற கீழூர் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோரிகா கேட்டாள். “பாத்தியா, அவங்களுக்கு மட்டும் ரெண்டும்” என்று அவர் கோபித்துக்கொண்டார்.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். வைசாகே நீலச் சட்டையில் யங்கோனா கலக்கிக்கொண்டிருந்தான்.

“நீயாவது கழட்டிக் குடு.”

“குடுக்கறேன். முதல்ல உன்னோடதைக் கொண்டா பாப்போம்.”

தோரிகா உள்ளே போனாள். ஆணியில் சட்டை தொங்கியது. இரட்டைச் சுருக்கு. கை ஓரத்தில் யாரும் கவனிக்காத ஒரு வெள்ளைத் தையல். இந்த ஒரு சட்டையை அவள் ஒன்றரை நாள் தைத்தாள். எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். நாற்பத்து இரண்டு பேர் கொடுக்காதபோது தான் ஒருத்தி கொடுத்து என்ன ஆகப் போகிறது? ஒருவேளை எல்லோரும் கொடுத்தால் தானும் கொடுக்கலாம். அதுதான் முறை. திரும்ப ஆணியில் மாட்டினாள்.

மேலூரில் அன்று நாற்பத்து மூன்று பேரின் கணக்கும் இதே மாதிரிதான் இருந்தது.

புதன்கிழமை வால்வு சூவாவுக்குப் போனது. இனோக்கேயின் காகிதங்கள் பறந்தன.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தது. மேலூர்க்காரர்கள் வழக்கம்போலக் கீழூர்ப் பொதுக்குழாயில் வாளிகளை நிரப்பிக்கொண்டு படியேறத் தொடங்கினார்கள். எல்லோரும் நீலத்தில். நாற்பத்து மூன்று பேர், கையில் தளும்பும் வாளிகள், செம்மண் படியில் ஒரே வரிசை. தோரிகா முன்னால். எண்பதாவது படியில் முழங்கால் பேச ஆரம்பித்ததும் நின்றாள். அவள் நின்றதால் வரிசையே நின்றது.

கீழே நெதானி வீட்டில் ஞாயிறு விருந்துக்குத் தங்கியிருந்த லைசானி மேடம், மரவள்ளிக் கிழங்குத் தட்டோடு வாசலுக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

“நெதானி, சீக்கிரம் வாங்க! அறிக்கைக்கு அட்டைப்படம் தேடிக்கிட்டிருந்தேனே. எல்லார் மேலயும் சீருடை, எல்லார் கையிலயும் தண்ணி!” போனை உயர்த்திக்கொண்டு படியடிக்கு ஓடி வந்தார். “அப்படியே நில்லுங்க! யாரும் வாளியைக் கீழ வெக்காதீங்க! எல்லாரும் சிரிங்க!”

மேலூருக்குத் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு தோரிகாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இதுதான் நேரம். மேடமும் இருக்கிறார், அதிகாரியும் இருக்கிறார், ஊரே கேட்கும். உரக்கச் சொல்லிவிட வேண்டியதுதான். ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்துகொண்டு திரும்பினாள்.

திரும்பியபோது பின்னால் நின்ற மாத்தெலீத்தா கண்ணில் பட்டாள். வாளி தூக்கிய இழுப்பில் அவள் காலர் ஒரு பக்கம் மடங்கி உள்ளே போயிருந்தது. அவளுக்குப் பின்னால் வைசாகே இரண்டாவது பட்டனை மூன்றாவது துளையில் போட்டிருந்தான்.

“ஏய் மாத்தெலீத்தா!” தோரிகா உரக்கக் கத்தினாள். “காலரை வெளியே இழுத்து விடுடி! என் தையலுக்கில்ல கெட்ட பேரு வரும்!”

நாற்பத்து மூன்று பேரும் காலரைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்கள்.